மீசைக்காரனின் சினை

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிற என் மச்சாள் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பாள், பிறகு மீனைப் பற்றி. கடலே இல்லாத நாட்டில் மன்னார் ஆட்கள் எதைத் தின்று சீவிக்கிறீர்கள் என்பது அவளுடைய தீராத சந்தேகம். தமிழ்க் கடைக்குப் பெட்டி பெட்டியாக உறைந்த மீன் வருகிறது, பாரையும் விளைமீனும் கிடைக்கும் என்று சொல்லிவிடுவேன். என் மனுசன் ஆற்றில் மீன் பிடிக்கிறார் என்பதை மட்டும் சொன்னதில்லை. பேசாலையில் வலை இழுத்த குடும்பத்தில் பிறந்தவர் இங்கே ஆற்றங்கரையில் மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு தூண்டிலுக்கு முன்னால் தவம் கிடக்கிறார் என்றால் அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். முதல் வருசம் நானே சிரித்தவள்தான். ஆற்று மீனை மீனென்று கணக்கில் எடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை.

இந்தத் தை மாதம் எங்களுக்குக் கலியாணம் முடிந்து முப்பது வருசம். அந்த நாளில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுத வேண்டும் போலிருக்கிறது. வெட்கமான கதைதான். ஆனாலும் இந்த நாட்டில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு சம்பளத்தையும் பனியையும் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

2

நாங்கள் இருப்பது சுவிஸில், திரிம்பாக்கில். பீற்றர், அதாவது என் கணவர், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவத் தொடங்கியவர். பிறகு இந்தப் பக்கம் வந்து ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல்காரருக்கு உதவியாக நின்றார். அதே இடத்தில் துணி தோய்க்கிற பகுதியில் எனக்கும் வேலை. நாலு வருசத்துக்கு முன்னால் இவருக்கு முதுகு பழுதாகி வேலை பாதி நேரமாகக் குறைந்தது. பாதி நாளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என்னுடைய குசினிக்குள் வந்து நின்று, உப்புக் கூட, தூள் குறைவு என்று சொல்லத் தொடங்கினார். ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் துரத்தினேன். ஆரே ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பார்த்தவர் மீனைக் கண்டுவிட்டார். பிறகு சும்மா இருப்பாரா?

இந்த நாட்டில் சும்மா ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் போட முடியாது. வருசம் முழுக்கப் பிடிக்க அனுமதி வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை வகுப்பில் இருந்து, கடைசியில் சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். எல்லாம் டொச்சில், இந்தப் பக்கத்து ஜெர்மன் மொழியில். ஒரு புத்தகம் தபாலில் வந்தது. மீனின் படம், மீனின் வயிறு, எந்த மாதத்தில் எந்த மீனைத் தொடக்கூடாது, எத்தனை சென்டிமீற்றருக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போன மனுசன் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்த முழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் மகள் மெலனி அப்போது வீட்டில் இருந்தாள். நேர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். நாலு பின்னேரம் மேசையில் அவரை இருத்தி, கையில் பென்சிலோடு படிப்பித்தாள். அவள் ஆறு வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாம் வாசிக்கிறவள். பேர்மிட் புதுப்பிக்கிற கந்தோரில் எங்களுக்கும் அங்கே வேலை செய்கிற அம்மாவுக்கும் நடுவில் நின்று கதைத்தவளும் அவள்தான். அதனால் அப்பாவுக்கு வாத்தியாராக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. அவர் பிழையாகச் சொன்னால் பென்சிலால் கையில் தட்டுவாள். அவர் பாஸ் பண்ணின கடிதம் வந்த அன்று இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுப் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தார்கள்.

அந்த வகுப்பில் படித்ததில் இவருக்கு மிகவும் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. அளவான மீனைப் பிடித்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, விளையாட்டுக்குத் திரும்ப விடுவது இங்கே குற்றம். தின்னுவதற்குத்தான் பிடிக்க வேண்டும், பிடித்தால் நோகாமல் உடனே கொல்ல வேண்டும். தலையில் அடிப்பதற்கென்று ஒரு சின்னக் கட்டை வைத்திருக்கிறார். அடிப்பதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். மீனுக்கா தனக்கா என்று நான் கேட்டதில்லை.

3

மெலனி படிப்பு முடிந்து லோசானில் வேலைக்குப் போனாள். இரண்டு மணித்தியாலக் கோச்சிப் பயணம்தான், ஆனால் அங்கே பிரெஞ்சு. தமிழிலிருந்து டொச்சுக்குப் போன பிள்ளை இப்போது அதையும் தாண்டிப் போய்விட்டாளே என்று எனக்கு ஒரு அந்தரம். ஒன்றரை வருசம் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், ஜூலியன் என்று ஒரு பொடியனோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறேன், கலியாணத்தைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை என்றாள். எனக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் குடுங்கோ என்று கேட்டு, அவரிடம் நேரே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு “வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து பதினாலு மாதம். ஞாயிறு பூசை முடிந்து வந்து, பதினொரு மணிக்கு அவளுடைய அழைப்பு வரும். மணி அடித்ததும் இவர் தூண்டிலைத் தூக்குவார். கோடைக்கு மட்டும் ஆற்றுக்குப் போன மனுசன், மாரியிலும் போகத் தொடங்கியது அப்படித்தான். மகள் என்னிடம் அப்பா எங்கே என்று கேட்பாள், ஆற்றடியில் என்பேன். இந்தக் குளிரிலா என்பாள். ஓம் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கதை வராது.

மாரி மீன்பிடி என்றால் என்னவென்று நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பிடிப்பது குறைவு, இருப்பதுதான் கூட. தண்ணீர் குளிர்ந்தால் மீன் இரை எடுக்காது. கெண்டைகள் ஓட்டமில்லாத மூலையில் சேற்றோடு சேறாகப் படுத்துவிடும். இவர் தேடுவது பார்பே என்கிற மீன். நீண்ட உடம்பு, கீழ்நோக்கிய வாய், வாயைச் சுற்றி நாலு மீசை. நான் அதற்கு மீசைக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மாரியில் அது கூட்டமாக ஆற்றின் ஆழமான குழிகளில் போய்க் கிடக்கும். நாலு நாள் உறைபனி என்றால் நாலு நாளும் அசையாது. திடீரென்று ஒரு சூட்டுக் காற்று வந்து, மழை பெய்து, ஆறு கொஞ்சம் கலங்கினால் பசி வந்து எழும்பும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் போய் இருக்கிறார். இரை என்ன தெரியுமா? சீஸ். வந்த நாளிலிருந்து வாயில் வைக்காத சாமானைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு கொளுவுவார். ஈயக்குண்டு இரையை அடியில் இருத்தி வைக்கும். தூண்டில் நுனி இரண்டு தரம் துடித்தால் மீசைக்காரன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

நான் சில நாட்களில் பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் நிற்பேன். மூன்று உடுப்புக்கு மேல் ஜாக்கெட், கண் மட்டும் தெரிகிற தொப்பி. அவளோடு ஒரு வார்த்தை கதைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். நுனியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சண்டை பிடிக்கிற மனுசனைச் சமாளிக்கலாம். இப்படி வாய் திறக்காமல் இருக்கிறவரை என்ன செய்வது? நான் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு ஏச்சோடு வீட்டுக்கு வருவேன்.

4

முப்பதாவது கலியாண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் இவரைக் கேட்காமல் மெலனியையும் ஜூலியனையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.  அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் ஆற்றுக்குப் போனார். சனிக்கிழமை விடியவும் போனார். வீட்டை விட்டு ஓடுகிறார் என்று நினைத்து அழுதுகொண்டே வெங்காயம் வெட்டினேன்.

அந்த வாரம் குளிர் தணிந்து இரண்டு நாள் மழை பெய்திருந்தது. சனி மத்தியானம் போல இவர் வந்து, பையை மேசையில் வைத்து, உள்ளே பார் என்பதுபோலத் தலையை ஆட்டினார். இவருடைய கை நீளத்துக்கு ஒரு மீசைக்காரன். அதுவரை இவர் இத்தனை பெரிதாகப் பிடித்ததில்லை. வயிற்றைக் கீறினால், இரண்டு பக்கமும் மஞ்சளாக, நிறைய, சினை.

எங்கள் வீட்டில் சினைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிற மருமகனுக்கு முதல் சாப்பாட்டில் சினை முழுவதும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில்தான் போகும். வேறு ஒருவருக்கும் கிள்ளிக் கொடுப்பதில்லை. அதை வீட்டுத் தலைவர் தன் கையால் வைக்க வேண்டும். என் அக்காவின் மனுசன் முதன்முதல் வந்த நாளில் எனக்குச் சினை தரவில்லை என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதது ஞாபகம். எங்களுடைய கலியாணம் இங்கே, குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே சேலை தெரிகிற மாதிரி நின்று பதிந்த கலியாணம். அப்பா அம்மா ஒருவரும் பக்கத்தில் இல்லை. பேர்னில் இருந்த என் பெரியண்ணை அப்பாவின் இடத்தில் நின்றார். அந்தக் காலத்தில் கிடைத்த உறைந்த மீன் பெட்டிகளில் எந்த மீனுக்குச் சினையில் வயிறு உப்பியிருக்கிறதென்று தேடித் தேடி வாங்கி வந்து, பீற்றரின் கோப்பையில் வைத்து, “இனி நீர் எங்கட வீட்டுப் பிள்ளை” என்றார். பீற்றர் சினையைத் தின்றுகொண்டு அழுதார். இங்கே வந்து ஏழு வருசத்தில் அவரை ஒருவர் பிள்ளை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

ஆகவே சினையைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தபோது இவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இதைப் பொரி” என்று மட்டும் சொன்னார். ஆற்றங்கரையில் ரூடி என்று ஒரு வயதான சுவிஸ்காரர் இருப்பார், அவர் மீசைக்காரனின் சினையைக் குப்பைப் பையில் எறிவதை இவர் கண்டிருக்கிறார். ருசி தெரியாத சனம் என்று இரண்டு பேரும் இரக்கப்பட்டோம். போன வருசம் கெண்டைச் சினையை இரண்டு தரம் பொரித்துத் தின்றிருக்கிறோம், வெண்ணெய் மாதிரி இருந்தது. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

5

ஜூலியன் ஒல்லியான, கண்ணாடி போட்ட பொடியன். லோசானில் மெட்ரோ வண்டிகளைத் திருத்துகிற இடத்தில் வேலை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்தான், எனக்குப் பூவும் ஒரு கேக்கும் தந்தான். இவர் எழும்பி நின்று கை கொடுத்தார். 

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜூலியனுடைய டொச், பள்ளிக்கூடத்தில் படித்த டொச். சொல்லைத் தேடித் தேடி, பிழையாக, மெதுவாகக் கதைத்தான். இவருக்கும் அதே கதைதான். வந்த நாளிலிருந்து இந்த ஊர்க்காரர் கடகடவென்று கதைக்கிறதில் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதிக்குத் தலையாட்டி வந்த மனுசன், முதல் தரமாக ஒரு வெள்ளைக்காரன் சொல்வது முழுக்க விளங்குகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தூண்டில் நுனியைப் பற்றி ஏதோ கேட்டான், இவர் கை காட்டிச் சொன்னார். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் சோறும் குழம்பும் சொதியும் வைத்து முடித்ததும் இவர் சினைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து ஜூலியனின் கோப்பையில் வைத்தார். மெலனி பார்த்தாள். பெரியண்ணை கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள் அவள். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். ஜூலியன் அவளிடம் பிரெஞ்சில் என்னவென்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் இவரைப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டு, கையாலேயே, ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டான். சட்டியில் இரண்டு துண்டு இருந்தது. அவர்கள் போகும்போது கட்டிக் கொடுக்கலாம் என்று நான் மூடி வைத்தேன்.

அந்த ஒரு மணித்தியாலம் நான் இந்த நாட்டில் அனுபவித்த நல்ல மணித்தியாலங்களில் ஒன்று. அதை நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

6

மூன்று மணிக்குக் கேக் வெட்டத் தட்டு எடுத்தேன். ஜூலியன் மன்னிக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனான். போனவன் வரவில்லை. மெலனி கதவைத் தட்டினாள். பிறகு உள்ளே போனாள். சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது, நிற்கவேயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தது.

எல்லோரும் ஒரே சட்டிச் சோறு, ஒரே குழம்பு. அவன் மட்டும் தின்றது சினை. மெலனி நேர்ஸ் அல்லவா, ஒரு நிமிடத்தில் அதைப் பிடித்துவிட்டாள். நஞ்சுக்கு ஆலோசனை சொல்கிற இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். மறுபக்கத்தில் இருந்த பெண், மீனின் பெயரைக் கேட்டதும் யோசிக்கவேயில்லை. பார்பே மீனின் சினை நஞ்சு, சமைத்தாலும் போகாது, மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்றார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இன்றைக்கு முழுக்கப் படாத பாடு படுவார், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், கூடினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

மெலனி தொலைபேசியை வைத்தாள். இவரிடம் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்கு டொச்தான் வரும், ஆனால் அன்று தமிழில் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு இது தெரியுமோ?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  இவர் மெதுவாகக் குசினிக்குள் போனார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது இரண்டாவது துண்டு அவருடைய வாயில் இருந்தது. மெலனி சட்டியைப் பிடுங்கினாள், அதில் எண்ணெய் மட்டும்தான் இருந்தது. இவர் விழுங்கிவிட்டு, குழாயில் கையைக் கழுவி, துணியில் துடைத்தார்.

“எனக்குத் தெரியாது பிள்ளை,” என்றார்.

பிறகு குளியலறைக்குப் போய், ஜூலியனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, ஈரத் துவாயை அவன் பிடரியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். “மெதுவா, மெதுவா” என்று டொச்சில் சொல்லிக்கொண்டே முதுகைத் தடவினார். தனக்கு இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் வரப்போகிறது என்று தெரிந்தும் அவசரப்படாமல் இருந்தார். மெலனி அதே இடத்துக்குத் திரும்பவும் தொலைபேசி எடுத்து, இன்னொருவரும் தின்றுவிட்டார் என்றாள். மறுபக்கத்துப் பெண் எத்தனை துண்டு என்று கேட்டாராம். பிறகு, மிச்சம் ஏதும் இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடுங்கள் என்று சொன்னாராம்.

7

ஆறு மணிக்கெல்லாம் எங்கள் வரவேற்பறை முதியோர் இல்லம் மாதிரி ஆகிவிட்டது. சோபாவில் ஒருவர், தரையில் மெத்தை போட்டு ஒருவர், சத்தி எடுக்க ஆளுக்கொரு பேசின். நான் துடைக்கிறதும் கழுவுகிறதுமாக ஓடினேன். இரண்டு பேரும் மாறி மாறி எழும்பி, ஒருவர் வரும்வரை மற்றவர் கதவடியில் காத்து நின்றார்கள். அந்த நிலைமையிலும் இவர் கையைக் காட்டி, நீர் முதலில் போம் என்று அவனுக்கு இடம் விட்டார்.

மெலனி மருந்து தேடி அலுமாரியைத் திறந்தவள், கையில் அந்த மீன்பிடிப் புத்தகத்தோடு வந்தாள். மீசைக்காரனின் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படத்துக்குக் கீழே இரண்டு வரி, கட்டம் போட்டு, சினை நஞ்சு என்று தெளிவாக இருந்தது. அந்தக் கட்டத்துக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில், சோதனைக்குத் தேவையில்லை.

நாலு பின்னேரத்தில் அவ்வளவு பெரிய புத்தகத்தை முடிக்க வேண்டும், அப்பாவுக்கு எழுத்து ஓடாது, கேள்வி வருகிறதை மட்டும் படிப்பிப்போம் என்று அவள் அன்று கோடு போட்டுக் கோடு போட்டு வெட்டியதில் அதுவும் போயிருக்கிறது. எங்களுக்கு வந்த கடிதங்களையும் அவள் அப்படித்தான் சின்ன வயதில் வாசித்துச் சொன்னாள். தேவையானதை மட்டும். நாங்களும் அவளை அப்படித்தான் பழக்கினோம்.

“நான்தான் இதை விடச் சொன்னனான் அப்பா,” என்றாள். 

இவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவளுடைய தலையைத் தேடினார். “நீ படிப்பிச்சபடியால்தான் பாஸ் பண்ணினனான்,” என்றார். பிறகு, “நீ கேட்டதும் பிழையில்லை. பதினாலு மாசம் நான் இருந்த இருப்புக்கு ஆரும் அப்பிடித்தான் கேப்பினம்.”

மெலனி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு முன்னால் பெரிதாக அழாத பிள்ளை. சோபாவிலிருந்து ஜூலியன் என்ன நடக்கிறதென்று பிரெஞ்சில் கேட்டான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, தன்னுடைய உடைந்த டொச்சில், சொல்லைத் தேடித் தேடி, ஆனால் ருசி நல்ல ருசிதான் ஐயா என்று இவரைப் பார்த்துச் சொன்னான். இவர் சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினை எடுத்தார்.

திங்கட்கிழமை கஞ்சி. செவ்வாய்க்கிழமை புட்டும் முட்டையும். மெலனியும் ஜூலியனும் வேலைக்குச் சொல்லிவிட்டு இரண்டு நாள் நின்றார்கள். மெலனி தன்னுடைய பழைய அறையில் ஜூலியனோடு படுத்தாள், இவர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அவர்கள் போகிற நேரம் இவர் வாசலில் குனிந்து ஜூலியனின் சப்பாத்தை அவனுக்குப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

8

இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்தால் இவர் எழும்பி ஓடுவதில்லை. பெரிதாகக் கதைக்கிறார் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டாச்சோ, அவனுக்கு வயிறு சுகமோ என்று கேட்டுவிட்டு என்னிடம் தருவார். அது போதும் எனக்கு. மச்சாளே, நீயும் இதை வாசித்தால் சிரித்துவிட்டுப் போ.

ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது அதைச் சொல்ல இல்லை. இன்னொன்று இருக்கிறது. அதை நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை.

அன்று மெலனி கேட்டபோது இவர் என்னைப் பார்த்தார் என்று எழுதினேன். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றும் எழுதினேன். எப்படிப் பார்த்தேன் என்று எழுதவில்லை. பிள்ளை கேட்ட அதே கேள்வியோடுதான் பார்த்தேன். தெரிந்துதான் செய்தீர்களோ என்று. முப்பது வருசம் ஒரே பாயில் படுத்தவரை, மீனை அடிப்பதற்கு முன்னால் சிலுவை போடுகிற மனுசனை, நான் அந்த ஒரு கணம் அப்படிப் பார்த்தேன். அவர் அதைக் கண்டார். கண்ட பிறகுதான் குசினிக்குப் போனார்.

இரண்டு கிழமை இது என்னைத் தின்றது. போன சனிக்கிழமை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஆற்றடிக்குப் போனேன். பனி விழவில்லை, ஆனால் காது அறுந்துவிடும் போலக் குளிர். கெண்டைக்கு மாவுருண்டை போட்டுவிட்டு இருந்தார். ஜூலியனுக்குக் கெண்டைச் சினை காட்ட வேண்டுமாம். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“இஞ்சாருங்கோ. அண்டைக்கு அவள் கேட்டதுக்கோ சாப்பிட்டனீங்கள், நான் பாத்ததுக்கோ?”

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தூண்டில் நுனி அசையவில்லை. பிறகு கதிரையை விட்டு எழும்பி, என்னுடைய தோளைப் பிடித்து அதில் இருத்தினார். தன் கழுத்திலிருந்த துணியைக் கழற்றி என் காதைச் சுற்றிக் கட்டினார்.

“நீ பயந்துபோய்ப் பாத்தனி,” என்றார். “எனக்குத் தெரியாதோ?”

நான் பயந்து பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“ஓம்,” என்றேன்.